க்வெர்ட்டியைத் திட்டுறதுக்கு முன்னாடி...

ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு மேசையில யாராவது ஒருத்தர் இந்தக் கதையை எடுத்து விடாத வருஷமே கிடையாது. "கீபோர்டுல எழுத்தெல்லாம் ஏன் இப்படிக் கலைஞ்சு கிடக்கு தெரியுமா? அந்தக் காலத்து டைப்ரைட்டர்ல வேகமா அடிச்சா கம்பியெல்லாம் சிக்கிக்குமாம். அதனால அடிக்கிறவங்க வேகத்தைக் குறைக்கணும்னே கலைச்சுப் போட்டாங்களாம்!" உடனே எல்லாரும் "அட!"ம்போம். காலேஜ் நாள்ல இருந்து நானும் இதை நாலு பேருக்குச் சொன்னவன்தான். போன மாசம்தான் கொஞ்சம் உருப்படியா தேடிப் படிச்சேன். மக்களே, இது சுத்த ஜல்லி.

அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்து கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸும் அவரோட கூட்டாளிகளும் 1868-ல டைப்ரைட்டருக்குக் காப்புரிமை வாங்கினாங்க. அப்ப அதுல இருந்தது பியானோ மாதிரி கட்டைகள், எழுத்துகள் அகரவரிசையில. அதோட மிச்சம் இன்னிக்கும் உங்க கைக்குக் கீழயே இருக்கு. நடு வரிசையைப் பாருங்க: டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எல். நடுவுல வர வேண்டிய ஈ-யும் ஐ-யும் மட்டும் மேல போயிடுச்சு. அப்புறம் மாத்தி மாத்தி அடுக்கி, 1873-ல ரெமிங்டன் கம்பெனி கைக்குப் போய், 1874-ல மெஷின் கடைக்கு வந்துச்சு.

இப்ப சொல்லுங்க, யாரோட வேகத்தைக் குறைக்கிறது? கடைக்கே வராத மெஷின்ல வேகமா அடிக்கிறவன் எங்கிருந்து வருவான்? கீபோர்டைப் பார்க்காம எல்லா விரலாலயும் அடிக்கிற வித்தை ஊர் பேச்சானதே 1888-ல சின்சினாட்டியில நடந்த போட்டியில ஃபிராங்க் மெக்குரின் ஜெயிச்ச பிறகுதான். சரி, கம்பி சிக்காம இருக்கத்தான் மாத்தினாங்கன்னே வெச்சுக்குவோம். சிக்காம இருந்தா நிக்காம அடிக்கலாம். அது வேகத்தைக் கூட்டற வேலை, குறைக்கிற வேலை இல்லையே! தவிர, இங்கிலீஷ்ல ஈ-யும் ஆர்-ம் ஜோடியா வராத வாக்கியமே அபூர்வம். அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்காங்க. ஜப்பான்ல கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாசுஓகா தம்பதி 2011-ல எழுதின கட்டுரையில, மோர்ஸ் தந்தியைக் கேட்டு அடிச்சவங்களோட தேவைதான் இந்த அடுக்கை வடிவமைச்சதுன்னு வாதாடறாங்க.

அப்புறம் எப்படி இது இப்படி ஒட்டிக்கிச்சு? வியாபாரம், பழக்கம், அவ்வளவுதான். 1893-ல ரெமிங்டன் உட்பட பெரிய கம்பெனிகள் யூனியன் டைப்ரைட்டர்ங்கற ஒரே குடைக்குக் கீழ வந்துச்சு. கத்துக் குடுக்கறவங்க க்வெர்ட்டி கத்துக் குடுத்தாங்க, கத்துக்கிட்டவங்க க்வெர்ட்டி மெஷின் கேட்டாங்க. அகஸ்ட் டிவோராக் 1936-ல வேற அடுக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்க அரசுக்காக 1956-ல செஞ்ச சோதனை, மறுபடி பழகற செலவுக்கு ஈடான லாபம் அதுல இல்லைன்னு சொல்லிடுச்சு. இன்னிக்குக் கம்ப்யூட்டர்ல அடுக்கை மாத்த காலணா செலவில்லை. எத்தனை பேர் மாத்தினோம்?

இங்கிலீஷ் அடிக்கிறவன் மாத்தாம இருக்கறதுல ஒரு நியாயம் இருக்கு. அவன் மொழி, அவன் எழுத்து, மாத்தினா கிடைக்கிற லாபமும் கம்மி. அதே பலகையில 'தந்தை'ன்னு வர்றதுக்கு டி, எச், ஏ, என், டி, எச், ஏ, ஐ-ன்னு எட்டு தட்டு தட்டுற நமக்கு என்ன நியாயம்? தமிழ்99-ல த, ந, த, ஐ. நாலே தட்டு! புள்ளியை அதுவே வெச்சுக்கும். உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யில பெரும்பாலும் வலது கைக்கு. க, ப, ம, த, ந, ய எல்லாம் நடு வரிசையிலயே இருக்கு. 1999-ல சென்னையில தமிழ்நெட்99 மாநாடு நடத்தி, தமிழ்நாட்டு அரசே தரப்படுத்தின அடுக்கு இது. நமக்குத்தான் 'ந'வுக்கு டபிள்யூ-வைத் தட்டுற கூத்து போதும்னு ஆயிடுச்சு.

"பழகிடுச்சுப்பா"ன்னுதான் நானும் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

எங்க அம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. வாரப் பத்திரிகை கையில கெடைச்சா ராசிபலன்ல இருந்து விளம்பரம் வரை விட மாட்டாங்க. அவங்களுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் குடுத்தப்ப, நான் பாவிக்கிற இங்கிலீஷ் எழுத்து கீபோர்டையே வெச்சுக் குடுத்தேன். "ஏன்டா, தமிழ்ல 'மருந்து'ன்னு எழுத எனக்கு எதுக்குடா இங்கிலீஷ்?"னு கேட்டாங்க. "ரெண்டு நாள்ல பழகிடும்மா"ன்னேன். பழகலை. ரெண்டு வருஷம் வெறும் குரல் பதிவுதான். அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கு நான் மீட்டிங்ல இருந்தேன். அம்மா அனுப்பின பதிவை ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் கேட்டேன். நாலு வார்த்தை எழுத்துல வந்திருந்தா மேசைக்கு அடியிலயே படிச்சிருப்பேன். நல்லவேளை, அப்பா இப்ப நல்லா இருக்கார்.

அன்னிக்கு ராத்திரியே அம்மா போன்ல அ, ஆ, க, ங-ன்னு தமிழ் எழுத்தே தெரியற கீபோர்டை வெச்சேன். மறுநாள் காலையில மெசேஜ்: "சாப்பிட்டியா". ரெண்டு வருஷமா அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியலைன்னு நெனைச்சுக்கிட்டு இருந்த எனக்குத்தான் புத்தி தெரியலை.

அதனால நானும் தமிழ்99-க்கு மாறினேன். முதல் வாரம் நரகம்தான். மூணாவது வாரம் பழைய வேகம் வந்துடுச்சு. ஆபீஸ்ல ஆணி புடுங்க இன்னமும் க்வெர்ட்டிதான், அதுல எனக்குச் சண்டையே இல்லை. இங்கிலீஷை இங்கிலீஷ் பலகையில அடிங்க, தமிழைத் தமிழ்ப் பலகையில அடிங்க. "போன்ல அதுவே வார்த்தையை ஊகிச்சுப் போட்டுடுதே"ன்னு வராதீங்க. அந்த ஊகத்தைக் கூட இங்கிலீஷ் எழுத்து தெரிஞ்சவன்தான் ஆரம்பிச்சு வைக்க முடியும்.

அடுத்த தடவை யாராவது "வேகத்தைக் குறைக்கத்தான் க்வெர்ட்டி"ன்னு கதையை ஆரம்பிச்சா, அவர் தமிழ்ல எப்படி அடிக்கிறார்னு மட்டும் கேட்டுப் பாருங்க :-)

டிஸ்கி: இந்தப் பதிவு முழுக்க தமிழ்99-ல அடிச்சது. எழுத்துப்பிழை இருந்தா அது என் தமிழோட குத்தம், கீபோர்டு மேல பழி போடாதீங்க.