13 ஆண்டுகளாக அசையாத 300 ரூபாய்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 3 அன்று, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தில், தலைநகர் தில்லியில் விழா நடக்கிறது. குடியரசுத் தலைவர் தேசிய விருதுகளை வழங்குகிறார். அமைச்சர்கள் தன்னம்பிக்கை பற்றியும் சாதனை பற்றியும் உரையாற்றுகிறார்கள். விழாப் பந்தல் பிரிக்கப்பட்ட பிறகு எஞ்சி நிற்பது ஒரே ஓர் எண்: 300. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைத் திட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு ஒரு நபருக்கு மாதந்தோறும் தரும் தொகை இதுதான். நாளொன்றுக்குப் பத்து ரூபாய். 2012 அக்டோபரில் 200 ரூபாயிலிருந்து 300 ரூபாயாக உயர்த்தப்பட்ட இத்தொகை, அதன் பிறகு ஒரு ரூபாய்கூட உயரவில்லை.

2015 டிசம்பரில் தனது வானொலி உரையில் பிரதமர் மோடி, மாற்றுத்திறனாளிகளைத் 'திவ்யாங்' என்று அழைக்க வேண்டும் என்றார். தெய்வீக உறுப்புகளைக் கொண்டவர்கள் என்பது அதன் பொருள். எங்களுக்குத் தெய்வீகம் வேண்டாம், உரிமை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் அன்றே எதிர்ப்புத் தெரிவித்தன. அரசு செவிசாய்க்கவில்லை. துறையின் இந்திப் பெயர் மாறியது, பலகைகள் மாறின, தொகை மட்டும் மாறவில்லை. பெயரில் வானத்தையும் கையில் பத்து ரூபாயையும் கொடுக்கும் அரசியலுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

உயர்த்தாமையும் வெட்டுதான்

மக்கள் நலத் திட்டங்களில் வெட்டு ஏதும் இல்லை என்பது ஆட்சியாளர்களின் வழக்கமான வாதம். கடந்த ஆண்டு ஒதுக்கிய தொகையை இந்த ஆண்டும் ஒதுக்கியிருக்கிறோம் என்று நிதிநிலை அறிக்கையைக் காட்டுவார்கள். அந்த வாதத்தின் சூழ்ச்சி அங்கேதான் இருக்கிறது. முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான உதவித்தொகைகளை உள்ளடக்கிய தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2022-23 முதல் 2025-26 வரை நான்கு ஆண்டுகளும் ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ ஒரே தொகை: சுமார் 9,650 கோடி ரூபாய். 2025-26 நிதிநிலை அறிக்கையின் மொத்தச் செலவு 50 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. அதில் இத்திட்டத்தின் பங்கு 0.2 சதவீதம்கூட இல்லை.

2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 100-லிருந்து 190-ஐத் தாண்டிவிட்டது. அதாவது அன்று 300 ரூபாய்க்கு வாங்கிய அரிசியும் பருப்பும் எண்ணெயும் இன்று ஏறத்தாழ இருமடங்கு விலை. இன்றைய 300 ரூபாயின் வாங்கும் சக்தி அன்றைய 160 ரூபாய் அளவுக்கே வரும். எந்த அரசாணையும் வெளியிடாமல், நாடாளுமன்றத்தில் எந்த விவாதமும் நடத்தாமல், ஏழை மாற்றுத்திறனாளியின் உதவித்தொகையில் கிட்டத்தட்டப் பாதி பறிக்கப்பட்டிருக்கிறது. வெளிப்படையாக வெட்டினால் எதிர்ப்பு எழும். விலைவாசியைக் கொண்டு வெட்டினால் சத்தம் கேட்காது. நவதாராளமயம் நன்கு கற்றுத் தேர்ந்த கலை இது.

சத்தத்துடனான வெட்டுகளும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கான திட்டத்துக்கு 2022-23 நிதிநிலை அறிக்கையில் 240 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அது 2023-24-ல் 150 கோடியாகவும், 2024-25-ல் 135 கோடியாகவும், 2025-26-ல் 115 கோடியாகவும் சுருங்கியது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம், பேருந்து நிலையங்களில் தடையற்ற வழி, அரசு இணையதளங்களைப் பார்வையற்றோரும் பயன்படுத்தும் வசதி ஆகியவற்றுக்கான பணம் இந்தத் தலைப்பில்தான் வருகிறது. சட்டம் இருக்கிறது, அதை நிறைவேற்றும் பணம் மூன்றே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போய்விட்டது.

ரயில் பயணத்திலும் இதுவே கதை. பெருந்தொற்றைக் காரணம் காட்டி 2020 மார்ச் 20 அன்று நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை, தொற்று ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்தும் திரும்பவில்லை. ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் என இருந்த சலுகை அது. அதைப் பறித்ததன் மூலம் ஐந்தாண்டுகளில் சுமார் 8,900 கோடி ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது என்பது தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்த கணக்கு. முதியவர்களின் சுருக்குப் பையிலிருந்து எடுக்கப்பட்ட பணம் 'வருவாய்' என்று பெயர் பெற்றது.

வாசலிலேயே வடிகட்டும் விதிகள்

300 ரூபாய் என்ற அற்பத் தொகையாவது அனைவருக்கும் கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. உரிமைச் சட்டம் 40 சதவீத ஊனத்தை அடிப்படை அளவாகக் கொள்கிறது. ஒன்றிய அரசின் உதவித்தொகைத் திட்டமோ 80 சதவீத ஊனம் இருக்க வேண்டும் என்கிறது. அத்துடன் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு கால் முற்றிலும் செயலிழந்த விவசாயத் தொழிலாளிக்கு மருத்துவக் குழு 60 சதவீதம் என்று சான்றளித்தால், அவர் சட்டத்தின் கண்ணில் மாற்றுத்திறனாளி; திட்டத்தின் கண்ணில் அவர் இல்லவே இல்லை. எட்டு வயதில் மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையைத் தூக்கிச் சுமக்கும் தாய் இன்னும் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இத்திட்டத்துக்கான ஆண்டு ஒதுக்கீடு 290 கோடி ரூபாய். மாதம் 300 ரூபாய் என்ற கணக்கில் வகுத்துப் பார்த்தால் அது சுமார் 8 லட்சம் பேருக்கு மட்டுமே போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். ஆக, நூறு பேரில் மூன்று பேருக்குத்தான் ஒன்றிய அரசின் கதவு திறக்கிறது. மாநிலங்களுக்கான பயனாளிகள் உச்சவரம்போ இன்னும் 2001 கணக்கெடுப்பின் மக்கள்தொகையைக் கொண்டு கணக்கிடப்பட்டதாகவே நீடிக்கிறது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போடப்பட்டுள்ளது. எண்ணப்படாதவர்களுக்கு ஒதுக்க வேண்டிய தேவையில்லை அல்லவா!

வாசலுக்கு வந்து சேர்வதே ஒரு போராட்டம். 2018-ல் நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வு, மாற்றுத்திறனாளிகளில் 28.8 சதவீதத்தினரிடம் மட்டுமே சான்றிதழ் இருப்பதாகவும், அரசிடமிருந்து ஏதேனும் உதவி பெற்றவர்கள் 21.8 சதவீதத்தினரே என்றும் காட்டியது. 2021 ஜூன் முதல் சான்றிதழ்கள் இணையவழியில் மட்டுமே வழங்கப்படுகின்றன. சான்றிதழ் வழங்குவதற்கான காலக்கெடுவை 2024 அக்டோபரில் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதங்களாக நீட்டித்தது அரசு. தொழுநோயால் விரல்களை இழந்தவரிடம் கைரேகை கேட்கிறது இயந்திரம். கண் பார்வையற்றவரிடம் கருவிழிப் பதிவும், திரையைப் பார்த்துக் கண்ணிமைக்கும் சோதனையும் கேட்கிறது. இந்தக் கொடுமையை எதிர்த்து, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கில்தான், இணையவழி அணுகல் வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது.

போலிகளைக் களையெடுக்கிறோம் என்பது அரசு சொல்லும் காரணம். ஜார்க்கண்டில் 2016 முதல் 2018 வரை ரத்து செய்யப்பட்ட ரேஷன் அட்டைகளைப் பத்து மாவட்டங்களில் ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று சரிபார்த்தனர். அவற்றில் சுமார் 88 சதவீதம் உண்மையான குடும்பங்களுடையவை. களை என்று பிடுங்கப்பட்டதில் பெரும்பகுதி பயிர்.

சொந்தச் சட்டத்தையே மீறும் அரசு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் இதே ஆட்சிக் காலத்தில் நிறைவேறியது. அதற்குப் பின்னால் மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் நீண்ட போராட்டம் இருந்தது. அச்சட்டத்தின் 24-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான சமூகப் பாதுகாப்பு உதவி, பிறருக்கான அதே வகைத் திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. கைம்பெண்களுக்கு ஒன்றிய அரசு வழங்குவது 300 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கும் அதே 300 ரூபாய். கைம்பெண்ணுக்குக் கொடுப்பதே கேவலமான தொகை. அதிலும் 75 ரூபாய் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்ற சட்டக் கடமையை அரசு எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக நிறைவேற்றவில்லை. தொகையை உயர்த்துமாறு நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சிக்கான நிலைக்குழு மீண்டும் மீண்டும் பரிந்துரைத்தும் பயனில்லை.

ஊனமுற்றோருக்கான நிவாரணம் அரசமைப்புச் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கிறது, எனவே இது மாநிலங்களின் பொறுப்பு என்பது ஒன்றிய அரசு ஒளிந்துகொள்ளும் இடம். மாநிலங்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை. ஆந்திரம் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6,000 ரூபாய் வழங்குகிறது. தமிழ்நாட்டில் 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய். கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு நலவாரிய உதவித்தொகையை 2025 நவம்பர் முதல் 1,600-லிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தியுள்ளது. அங்கே பயன்பெறுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றிய அரசின் பங்கு ஒரு பைசாகூட இல்லை. பீகாரில் 400 ரூபாயாகக் கிடந்த தொகை, சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய 2025-ல்தான் 1,100 ரூபாயானது. தேர்தல் வந்தால் கிடைக்கும் பணம், தேர்தல் இல்லாத ஆண்டுகளில் எங்கே போகிறது?

கொடுக்காதது மட்டுமல்ல; கொடுப்பவரையும் தடுப்பது இந்த ஆட்சியின் தனிச்சிறப்பு. நலத்தொகையைத் தாமதமின்றி வழங்குவதற்காகக் கேரளம் அமைத்த நிறுவனம் திரட்டிய கடனை மாநிலத்தின் கடனாகக் கணக்கில் சேர்த்து, மாநிலத்தின் கடன் வரம்பை ஒன்றிய அரசு சுருக்கியது. இதை எதிர்த்துக் கேரளம் 2023 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது. ஜிஎஸ்டி மூலம் மாநிலங்களின் வரி விதிக்கும் அதிகாரத்தைப் பறித்து, மாநிலங்களுடன் பகிரத் தேவையில்லாத செஸ், சர்சார்ஜ் மூலம் கருவூலத்தை நிரப்பிக்கொண்டு, பிறகு பொறுப்பை மட்டும் மாநிலங்களின் தலையில் கட்டுவது கூட்டாட்சி அல்ல, அது கொள்ளை.

பணம் எங்கே?

அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, முதுமை, நோய், ஊனம் ஆகியவற்றில் அரசின் உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. பொருளாதார வலிமையின் வரம்புக்குள் என்ற நிபந்தனையுடன். ஆட்சியாளர்கள் அந்த நிபந்தனையை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். 2019 செப்டம்பர் 20 அன்று, கார்ப்பரேட் வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. அதனால் ஓராண்டில் இழக்கும் வருவாய் 1.45 லட்சம் கோடி ரூபாய் என்று அரசே அறிவித்தது. அன்று பொருளாதார வலிமையின் வரம்பு யாருக்கும் நினைவில் வரவில்லை.

அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தால் ஆட்சியின் வர்க்க முகம் தெரியும். அந்த ஓராண்டுச் சலுகையைக் கொண்டு முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் அனைவருக்குமான தேசிய சமூக உதவித் திட்டத்தை இன்றைய அளவில் 15 ஆண்டுகள் நடத்தலாம். மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டால் 500 ஆண்டுகள் வழங்கலாம். பற்றாக்குறை கருவூலத்தில் இல்லை.

மேலும், ஊனம் என்பது விதியின் விளையாட்டு மட்டும் அல்ல. பாதுகாப்புக் கயிறு இல்லாமல் சாரத்தில் ஏற்றப்படும் கட்டுமானத் தொழிலாளி, பாதுகாப்புத் தடுப்பு இல்லாத அச்சு இயந்திரத்தில் விரல்களைப் பறிகொடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளி, கல்குவாரித் தூசியில் நுரையீரல் கருகும் தொழிலாளி, ஊட்டச்சத்தின்றிப் பிள்ளை பெறும் தாய்: இவர்களின் உடல்களில் ஊனத்தை எழுதுவது லாப வேட்டையும் வறுமையும். உழைப்பை உறிஞ்சி முடித்த பிறகு, உழைக்க இயலாத உடலைக் குடும்பத்தின் தலையில் இறக்கி வைத்துவிட்டு நகர்கிறது மூலதனம். அந்தச் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பராமரிப்பதற்காகக் கூலி வேலையைக் கைவிடும் பெண்ணின் இழப்பு எந்த நிதிநிலை அறிக்கையிலும் ஏறுவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகளில் 69 சதவீதத்தினர் கிராமங்களில் வாழ்கிறார்கள்; வேலையில் இருப்போர் 36 சதவீதம் மட்டுமே. இவர்களுக்கு உதவித்தொகை கருணைக் காசு அல்ல; சமூகம் பட்டிருக்கும் கடன்.

செய்ய வேண்டியது

ஒன்றிய அரசின் உதவித்தொகையை மாதம் 5,000 ரூபாயாக உயர்த்தி, விலைவாசிக் குறியீட்டுடன் இணைக்க வேண்டும். 80 சதவீதம் என்ற வரம்பை நீக்கி, சட்டம் கூறும் 40 சதவீதத்தையே அளவாகக் கொள்ள வேண்டும். வறுமைக் கோட்டு நிபந்தனையையும் வயது வரம்பையும் அகற்ற வேண்டும். 24-ஆவது பிரிவின் 25 சதவீதக் கூடுதலை நிலுவையுடன் வழங்க வேண்டும். கைரேகை பதியவில்லை என்பதற்காக எவருடைய உதவித்தொகையும் ரேஷனும் நிறுத்தப்படக் கூடாது. ரயில் கட்டணச் சலுகைகளை மீட்டளிக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் இக்கோரிக்கைகளில் பலவற்றுக்காகச் சக்கர நாற்காலிகளிலும் ஊன்றுகோல்களுடனும் ஆண்டுக்கணக்கில் வீதியில் நிற்கின்றன. அவர்கள் தனியாக நிற்கும் வரை ஆட்சியாளர்கள் அஞ்சப் போவதில்லை. தொழிற்சங்கங்களும் விவசாய, விவசாயத் தொழிலாளர், மாதர், வாலிபர் அமைப்புகளும் இதைத் தங்கள் கோரிக்கையாக ஏற்றுக் களம் காண வேண்டும். ஒவ்வொரு கிளையின் எல்லைக்குள்ளும் சான்றிதழ் இல்லாதவர், சான்றிதழ் இருந்தும் தொகை மறுக்கப்பட்டவர், தொகை திடீரென நின்றுபோனவர் யார் யார் என்பதைத் தோழர்கள் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கலாம். அரசு எண்ண மறுப்பவர்களை இயக்கம் எண்ணத் தொடங்கினால், அந்தப் பட்டியலே போராட்டத்தின் முதல் ஆயுதம்.