தொழிலாளி யார்? ஏட்டில் உள்ளவரா, வீதியில் உள்ளவரா?

2021ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் நாள் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, வாடகைக் கார் சாரதிகளை மட்டும் பற்றியதன்று. தம்மோடு இணைந்துள்ள சாரதிகள் அனைவரும் சுயதொழில் புரிவோரே என ஊபர் நிறுவனம் வாதிட்டது. ஒப்பந்தத்திலும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. நீதியரசர்கள் ஏகமனதாக அதனை நிராகரித்தனர். கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார்? நிபந்தனைகளை விதிப்பவர் யார்? பயணிகள் இடும் புள்ளிகளைக் காட்டிச் சாரதியை விலக்குபவர் யார்? அனைத்துக்கும் விடை நிறுவனம் என்றிருக்கையில், ஏட்டில் எழுதிய பெயரைக் கொண்டு மட்டும் விடயத்தைத் தீர்மானித்தல் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

நீதிமன்றம் எட்டிய இம்முடிவின் வேர் பல்கலைக்கழக ஆய்வுகளில் உள்ளது. பேர்லின் தொழிலாளர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த ஓட்டோ கான்-பிரொய்ன்ட் என்னும் யூதர், 1933இல் வேலைநீக்கம் செய்யப்பட்ட வானொலி ஊழியர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அவரையே நாசி ஆட்சி பதவிநீக்கியது. இலண்டனுக்கு அகதியாக வந்த அவர், பின்னர் ஒக்ஸ்போர்ட் பேராசிரியராகி, பிரித்தானியத் தொழிற்சட்ட ஆய்வுக்கு அத்திவாரமிட்டார். (அகதிகளால் நாட்டுக்கு என்ன பயன் எனக் கேட்போர் இதனைக் கவனிக்கலாம்.) முதலாளிக்கும் தனித்து நிற்கும் தொழிலாளிக்கும் இடையேயுள்ளது அதிகாரம் உடையவருக்கும் அற்றவருக்கும் இடையிலான உறவே, 'ஒப்பந்தம்' என்ற சொல் அப்பணிதலை மறைக்கும் திரை என்பது 1972இல் வெளியான அவரது நூலின் அடிப்படைக் கருத்து. அவர் காலத்து மேற்பார்வையாளர் தொழிற்சாலை வாயிலில் நின்றார். இன்றைய மேற்பார்வையாளர் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறார்.

எனினும் சாரதிகளின் வெற்றி முழுமையானதன்று. செயலியைத் திறந்து பயணிக்காகக் காத்திருக்கும் நேரமும் வேலைநேரமே என்ற முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தது. ஆயினும், 2021 மார்ச்சில் குறைந்தபட்ச ஊதியம் வழங்க முன்வந்த ஊபர், பயணத்தை ஏற்ற கணத்திலிருந்தே அதனைக் கணக்கிட்டது. மேலும் 2023 நவம்பரில், டெலிவரூ உணவு விநியோகிப்போருக்குக் கூட்டுப் பேரம்பேசும் உரிமையை அதே நீதிமன்றம் மறுத்தது. தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப ஒப்பந்தம் அவர்களை அனுமதித்தமையே அதற்கு முக்கிய காரணம். அவ்வாறு அனுப்பியோர் மிகச் சிலரே. ஒரேயொரு வாசகம் இத்தனை பாரத்தைச் சுமக்குமாயின், ஒப்பந்தம் வரையும் சட்டத்தரணிகள் அதனை எழுத மறப்பார்களா?

இக்குறையை உணர்ந்தே 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய பணிப்புரையொன்றை நிறைவேற்றியது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டைக் காட்டும் உண்மைகள் உண்டெனில், உழைப்பவர் ஊழியரே எனக் கொள்ளப்படும். அன்றென நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. இதனைத் தம் சட்டமாக்க உறுப்பு நாடுகளுக்கு 2026 டிசம்பர் 2 வரை அவகாசம் அளிக்கப்பட்டது. பாரிஸிலும் பேர்லினிலும் உணவுப் பொதி சுமப்போருக்கு இது கைகொடுக்கக்கூடும். ஒன்றியத்தை விட்டு விலகிய பிரித்தானியாவை இது கட்டுப்படுத்தாது.