எது முகமூடி?



முகமூடி என்னும் சொல்லை மறையுரையாற்றும் நாங்கள் நல்ல பொருளில் வழங்குவதில்லை. வெளிவேடத்தைக் கண்டிக்கும் போதெல்லாம், முகமூடியைக் கழற்றி எறியுங்கள் என்று முழங்குவது எங்கள் வழக்கம். ஆனால் முகமூடியை அணிந்துகொண்டதனாலேயே உண்மையுள்ள மனிதராக விளங்கிய ஒருவரைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறேன். அவர் துறவியும் அல்லர், மறைசாட்சியும் அல்லர். கனடா நாட்டில் ஐஸ் ஹாக்கி ஆடிப் பிழைத்தவர். பெயர் ழாக் பிளாந்த்.

நாம் அறிந்த ஹாக்கி தரையில் ஆடப்படுவது. கனடியரின் ஹாக்கியோ உறைந்த பனித்தளத்தின்மீது, காலணியின் அடியில் எஃகுத் தகடு பூட்டிச் சறுக்கியவாறே ஆடப்படுவது. அதில் பந்து கிடையாது. மூன்று அங்குல விட்டமும் ஓரங்குலக் கனமும் உடைய கெட்டி ரப்பர் வில்லையே பந்தின் இடத்தில் நிற்கிறது. எடை ஏறக்குறைய 170 கிராம். ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்துக் கல்லைப்போல் இறுகச் செய்வார்கள். வலிய கரத்தால் அடிக்கப்பட்டால் அது மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாயும். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள வலையின் முன் நின்று, அப்படிப் பாய்ந்து வரும் வில்லையைத் தன் உடலால் தடுப்பவரே இலக்குக் காவலர். மற்றவர்கள் தவறினால் அவர் காப்பார்; அவர் தவறினால் காப்பார் எவருமில்லை.

பிளாந்த் 1929 சனவரி 17 அன்று கியூபெக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். கார்மேல் மலை அன்னையின் பெயரையே அவ்வூர் தாங்கி நிற்கிறது. பதினொரு பிள்ளைகளில் அவரே மூத்தவர். தந்தை ஆலைத் தொழிலாளி, வீட்டில் வறுமை. தாயிடம் பின்னல் வேலை கற்றுக்கொண்ட சிறுவன், தனக்கு வேண்டிய கம்பளித் தொப்பிகளைத் தானே பின்னி அணிந்தான். புகழடைந்த பின்னும் அவர் பின்னல் ஊசியைக் கைவிடவில்லை. மரவேரைச் செதுக்கித் தந்தை செய்து கொடுத்ததே அவனுடைய முதல் மட்டை. உருளைக்கிழங்குச் சாக்கில் பஞ்சடைத்து, மரப்பலகை சேர்த்துக் கட்டியவையே முதல் கால்காப்புகள். இளமையிலேயே ஆஸ்துமா பற்றிக்கொண்டதால் நெடுநேரம் சறுக்கி ஓட இயலவில்லை. ஓட இயலாத பிள்ளை வலையின் முன் போய் நின்றது. மூச்சுத் திணறலே அவருடைய அழைத்தலுக்கு வழி திறந்தது என்று சொல்லலாம். ஓர் ஆலையின் அணிக்கு ஆடியபோது, மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு ஆட்டத்துக்கு ஐம்பது காசு கூலி பெற்றார்.

பின்னர் அவர் மொன்றியால் கனேடியன்ஸ் அணியில் இடம் பெற்றார். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அவ்வணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஐந்து வெற்றியிலும் வலையைக் காத்தவர் பிளாந்த். ஆனால் அந்நாள்களில் காவலர்கள் வெறும் முகத்தோடுதான் நின்றார்கள். 1930-இல் கிளின்ட் பெனடிக்ட் என்பவர் மூக்கு முறிந்தபின் தோலாலான கவசம் ஒன்றைச் சில ஆட்டங்களில் மட்டும் அணிந்து பார்த்துக் கைவிட்டார். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தப் பெரிய போட்டித் தொடரில் எவரும் அதைத் தொடர்ந்து அணியத் துணியவில்லை. பற்கள் உதிர்ந்தன, தாடைகள் உடைந்தன. 1966-இல் அமெரிக்க இதழ் ஒன்று, டெர்ரி சாச்சக் என்ற புகழ்பெற்ற காவலரின் முகத்தில் அதுவரை இடப்பட்ட தையல்களையெல்லாம் ஒப்பனையால் வரைந்து ஒரு படம் வெளியிட்டது. நானூறுக்கும் மேற்பட்ட தையல்கள்! அதைப் பார்ப்பவர் எவரும் மனம் நடுங்காமல் இருக்க முடியாது.

பிளாந்தின் மூக்கும் கன்ன எலும்புகளும் பலமுறை முறிந்தன. ஆகவே அவர் பயிற்சியின்போது கவசம் அணியத் தொடங்கினார். போட்டியில் அணிய அவருடைய பயிற்சியாளர் டோ பிளேக் இசையவில்லை. காலடியில் வரும் வில்லை கண்ணுக்குத் தெரியாமற் போகும் என்பது அவர் சொன்ன காரணம். சொல்லாத காரணம் ஒன்றும் அந்த ஆட்டக்காரர்களிடையே நிலவியது. முகத்தை மறைப்பவன் கோழை என்பதே அது.

1959 நவம்பர் முதல் நாள். ஞாயிற்றுக்கிழமை, புனிதர் அனைவரின் பெருவிழா. நியூயார்க் மாநகரின் மேடிசன் சதுக்க அரங்கில் ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள், எதிரணியின் ஆண்டி பாத்கேட் அடித்த வில்லை பிளாந்தின் முகத்தைப் பிளந்தது. குருதி வழிய அவரை உள்ளே கொண்டுபோய்க் காயத்தைத் தைத்தார்கள். அக்காலத்தில் அணிகளில் மாற்றுக் காவலர் இல்லை. அவர் திரும்பி வரும்வரை ஆட்டம் காத்திருந்தது. அவர் திரும்புவதற்கு ஒரே நிபந்தனை விதித்தார்: கவசமின்றிப் பனித்தளத்தில் கால் வைப்பதில்லை. வேறு வழியின்றிப் பிளேக் இணங்கினார். அதுவும் காயம் ஆறும்வரைதான் என்றார். கண்ணாடி இழையால் வார்க்கப்பட்ட, கண்ணுக்கும் வாய்க்கும் துளையிட்ட வெளிறிய கவசத்தோடு பிளாந்த் வெளியே வந்தபோது கூட்டம் திகைத்தது. அன்று அவருடைய அணி மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது.

அன்று தொடங்கிப் பதினெட்டு ஆட்டங்களில் அவ்வணி தோல்வி காணவில்லை. 1960 மார்ச் 8 அன்று பயிற்சியாளர் கேட்டுக்கொண்டதற்காகக் கவசத்தைக் கழற்றிவிட்டு ஆடினார். அன்று மூன்றுக்குச் சுழி என்று தோற்றார்கள். அடுத்த ஆட்டத்தில் கவசம் மீண்டது, பிறகு அகலவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குள் உலகமே அவர் வழிக்கு வந்தது. அந்தத் தொடரில் வெறும் முகத்தோடு நின்ற கடைசிக் காவலர் ஆண்டி பிரவுன். அவர் அங்கே அவ்வாறு ஆடியது 1974-ஆம் ஆண்டோடு முடிந்தது. 1970-ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில், நாற்பத்தொரு வயதான பிளாந்தின் நெற்றியைத் தாக்கிய வில்லை அவருடைய கவசத்தையே உடைத்தது. கவசம் இல்லையேல் தாம் உயிரோடு இருந்திரேன் என்று பின்னர் அவர் கூறினார். 1986 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில், புற்றுநோயால் அவர் இறந்தார்.

அச்சமின்மைதான் வீரமா என்பதே இந்த வரலாறு நம்முன் வைக்கும் வினா. கிளென் ஹால் என்னும் மற்றொரு காவலர் இருந்தார். 1955 முதல் 1962 வரை 502 ஆட்டங்களில், ஒன்றுகூடத் தவறாமல், கவசமின்றி நின்றவர். அவரை அச்சமற்றவர் என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் ஆட்டத்துக்கு முன் வாந்தி எடுத்துவிட்டே அவர் களம் இறங்குவது வழக்கம். உள்ளே அத்துணை கலக்கம். வெளியே கலங்காத தோற்றம். அன்பர்களே, அப்படியானால் அந்தக் காவலர்களின் வெறும் முகமே அன்றோ முகமூடி! எனக்கு அச்சமில்லை என்னும் முகமூடியை அவர்கள் எல்லாரும் அணிந்திருந்தார்கள். அதைக் கழற்றி, எனக்கு வலிக்கிறது, எனக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பதினைந்தாயிரம் பேர் கொள்ளும் அரங்கில் ஒப்புக்கொண்டவர் பிளாந்த். பின்னாளில் ஹாலும் கவசம் அணிந்தார். 1968-இல் இருவரும் செயின்ட் லூயிஸ் நகர அணியில் சேர்ந்து வலையைக் காத்தனர். சிறந்த காவலருக்குரிய வெசினா விருதை அந்தப் பருவத்தில் பகிர்ந்துகொண்டனர்.

விவேகம், நீதி, திடம், தன்னடக்கம் என்னும் நான்கு தலையாய புண்ணியங்களைச் சிறுவயதில் மறைக்கல்வியில் கற்றோம். திடம் என்பது அச்சத்துக்கும் துணிச்சலுக்கும் இடைப்பட்ட நெறி என்று புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்குகிறார். கண்மூடித்தனமான துணிச்சலை அவர் புண்ணியத்தில் சேர்ப்பதில்லை; அதைப் பாவம் என்கிறார். தாக்குவதைவிடத் தாங்கி நிற்பதே திடத்தின் முதன்மைச் செயல் என்பதும் அவர் போதனை. ஆலய உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது நம் ஆண்டவர் மறுத்தார். தம்மேல் எறியக் கல்லெடுத்தவர்களிடமிருந்து அவர் மறைந்து விலகினார். தம் நேரம் வந்தபோதோ சிலுவையிலிருந்து விலகவில்லை. புனித பவுல் தமஸ்கு நகரின் மதிலிலிருந்து கூடையில் இறங்கித் தப்பினார். அவரே பின்னர் உரோமையில் உயிரைக் கையளித்தார். அன்புக்காக உயிரைக் கொடுப்பது ஒன்று. பிறர் ஏளனத்துக்கு அஞ்சி உயிரை இழப்பது வேறொன்று.

இதை நான் ஏட்டில் மட்டும் கற்றிருக்கக் கூடாதா என்று வருந்துவதுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் கொத்தனார் ஒருவர் இருந்தார். திருவிழாத் தேரில் முன்வடத்தைப் பிடிப்பவர் அவரே. ஒரு நாள் மாலை அவருடைய மனைவி வந்து, "சாமி, அவருக்கு அடிக்கடி மார்பு வலிக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்" என்றார். நான் சிரித்தேன். "உங்கள் வீட்டுக்காரருக்கா? அவர் இரும்பு, அம்மா" என்றேன். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் அவரைக் கண்டபோதும் தோளில் தட்டி அதே சொல்லைச் சொன்னேன். அவர் பெருமையோடு நகைத்தார். மூன்று வாரங்களுக்குப் பின், சாரத்தின் அடியில் சாய்ந்தவரை எழுப்ப முடியவில்லை. அந்த அம்மாள் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆயினும் அவர் முகமூடியின் கயிற்றை இறுக்கிக் கட்டியது என் கை என்பதை நான் அறிவேன். ஒவ்வோராண்டும் அவர் இறந்த நாளில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறேன்.

ஆதலால் இதை வாசிக்கும் தந்தையரை வேண்டிக்கொள்கிறேன். வலியை மறைப்பது உங்கள் குடும்பத்துக்கு நீங்கள் செய்யும் தியாகம் அன்று; நீங்கள் காக்க வேண்டிய வலையைக் காவலின்றி விட்டுப்போவதற்கு அது ஒப்பாகும். அன்னையரே, ஆண் பிள்ளை அழலாமா என்று கேட்டு மகனின் வாயை மூடாதீர்கள். இன்று வாய் மூடியவன் நாளை மருத்துவரிடமும் திறக்கமாட்டான். இளைஞர்களே, தலைக்கவசத்தை வண்டியின் பிடியில் மாட்டிக்கொண்டு பறப்பதை வீரம் என்று எண்ணாதீர்கள். பங்குத் தந்தையரான நாங்களும் ஒருவரை இரும்பு என்று புகழுமுன், அவர் வீட்டாரின் சொல்லுக்குச் செவிகொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், ஒருவரையொருவர் பார்த்து, "உங்களுக்கு எங்காவது வலிக்கிறதா?" என்று கேளுங்கள். விடை வரச் சற்று நேரமாகலாம். அதுவரை எழுந்துவிடாமல் காத்திருங்கள். இறைவன் உங்கள் இல்லத்தை ஆசீர்வதிப்பாராக.