மூலிகை அறிவின் பலன் யாருக்கு? காணி மக்களின் அனுபவம்

உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தில் 2023-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் செய்த திருத்தங்கள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, அரசு அங்கீகரித்த பண்டைய மருத்துவ நூல்களிலிருந்து பெறப்பட்ட அறிவுக்கும், சாகுபடி செய்யப்பட்ட மூலிகைகளுக்கும் பலன் பகிர்வு நடைமுறையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. உள்நாட்டு நிறுவனங்களும் பங்கு தர வேண்டும் என 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் திவ்யா பார்மசி வழக்கில் அளித்த தீர்ப்பால் கலங்கியிருந்த மருந்துத் துறைக்கு இது நிம்மதி தந்துள்ளது.

வாய்மொழியாக வழங்கிவரும் பழங்குடியினரின் அறிவுக்கு இந்த விலக்கு பொருந்தாது. ஆனால், ஒரே மூலிகை நூலிலும் மலைவாழ் மக்களின் வழக்கத்திலும் இருக்குமானால், நிறுவனங்கள் எதை ஆதாரமாகக் காட்டும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

நூல்களில் இல்லாத அறிவுக்கும் பங்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. 1987-இல் அகத்தியர் மலையில் ஆய்வு மேற்கொண்ட அறிவியலாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஒரு செடியின் பழத்தைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். 'ஆரோக்கியப் பச்சை' எனப்படும் அச்செடியையும் வேறு மூன்று மூலிகைகளையும் கொண்டு, திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. தயாரிப்பு உரிமம் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் உரிமைத்தொகை. இவ்விரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என முடிவாகி, 1997-இல் அறக்கட்டளையும் பதிவு செய்யப்பட்டது. அப்போது இத்தகைய பகிர்வைக் கட்டாயமாக்கும் சட்டம் நாட்டில் இல்லை. உலக அளவில் முன்னுதாரணமாகப் பேசப்பட்ட இந்த ஏற்பாடு கேரளத்துடன் நின்றது. அதே மலைத்தொடரின் தமிழகப் பகுதியில் வாழும் காணி மக்கள் இதில் சேர்க்கப்படவில்லை.

சிக்கல் காட்டிலிருந்துதான் வந்தது. செடியைப் பயிரிட்டு இலைகளை விற்க முயன்ற காணி மக்களுக்கு வனத்துறை ஆட்சேபம் தெரிவித்தது. இலை வரத்துக் குறைந்ததால் உற்பத்தி தடைப்பட்டது, உரிமைத்தொகையும் சுருங்கியது.

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர்களும் இதை அறிவர். நெல்லி, தேன் உள்ளிட்ட வனப்பொருள்களைச் சேகரிக்க விதிக்கப்பட்ட தடையால் பல ஆண்டுகள் வருமானம் இழந்த அவர்களுக்கு, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை 2011-இல்தான் அங்கீகரிக்கப்பட்டது. மூலிகை அறிவுக்கான பங்கு ஒரு சட்டத்திலும், மூலிகை வளரும் காட்டின் மீதான உரிமை வேறொரு சட்டத்திலும் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த இடைவெளியைத் தொடவில்லை.