அறிக்கை எழுதாத பெரியவர்

1880 பிப்ரவரியில் கும்பகோணம் அரசினர் கல்லூரிக்குத் தமிழ் கற்பிக்க வந்த உ.வே. சாமிநாதையருக்கு 25 வயது நிறையும் தறுவாய். திருவாவடுதுறை மடத்தில் பாடம் சொன்ன பழக்கம் உண்டு. இங்கிலீஷ் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்த பழக்கம் கிடையாது. அவரைத் தேடிப் பிடித்தவர், அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற இருந்த தியாகராச செட்டியார். இருவருக்கும் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. ஆதீனத்தின் சம்மதம் வாங்கி, கல்லூரித் தலைவர் கோபாலராவிடம் சிபாரிசு செய்து, தம் இடத்தில் அவரை அமர்த்தினார் செட்டியார்.

அதே ஆண்டு அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார் ஐயர். தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் அடுக்கினார். முதலியார் அசரவில்லை, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தப் பேச்சின் விளைவு 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது.

செட்டியார், முதலியார் இருவருமே ஐயரைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை எழுத வேண்டியவர்கள் அல்லர்.

இன்று காவிரி டெல்டாவின் ஓர் ஈராசிரியர் பள்ளியில் புதிதாகச் சேர்பவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வருகிறார். வகுப்பைப் பார்க்கிறார், செயலியில் பதிவிடுகிறார். பதிவிடப்படும் என்று தெரிந்தபின், மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை என்று எந்தப் புது ஆசிரியர் வாய்விட்டுச் சொல்வார்? பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போனால் பயிற்சிக் கட்டகம் நேரத்தைத் தின்றுவிடுகிறது.

வேண்டியது அனுபவமுள்ள ஒருவரோடு இருபது நிமிடப் பேச்சுதான். நடவுக்காலத்தில் விடியுமுன் அம்மா வயலுக்குப் போய்விட, தம்பியைக் கிளப்பிவிட்டுத் தாமதமாக வரும் பிள்ளையை எப்படி நடத்துவது, சத்தம் போடாமல் வகுப்பை எப்படி அடக்குவது: இதெல்லாம் கட்டகத்தில் இல்லை. பக்கத்துப் பள்ளி மூத்த ஆசிரியரிடம் இருக்கிறது.

அவரிடம் சலிப்பும் இருக்கலாம். ‘இதுகளுக்கு இவ்வளவுதான் வரும்’ என்ற பேச்சும் அனுபவத்தோடு சேர்ந்தே கைமாறும். ஆகவே யாரிடம் பேசுவது என்பதைப் புதியவரே தேர்ந்தெடுக்கட்டும், ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளட்டும். பேசியது எந்தப் பதிவேட்டிலும் ஏறக் கூடாது.

மன்னார்குடி, பாபநாசம் பக்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்களுக்கா பஞ்சம்? ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரே ஒன்றியத்தில் தொடங்கிப் பார்க்கலாம். குறுவள மையக் கூட்டத்தில் கட்டகத்துக்கு முன் அரைமணி நேரம், வந்துபோகிற பெரியவருக்குப் பேருந்துக் கட்டணம். கல்வித் துறைக்கு இது பெரிய செலவில்லை.