கடாரம் சோழர் கட்டிய நகரமா?

கெடா மாநிலத்தில், பெண்டாங் தொடங்கிச் சுங்கை பட்டாணி வரையுள்ள தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும், கோயில் திருவிழா மேடைகளிலும் தமிழ்ப்பள்ளி விழாக்களிலும், ஐயத்துக்கு இடமில்லாத சரித்திரம் போல ஒரு கூற்று நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஜெராய் மலையின் அடிவாரத்தில் கிடக்கும் கோயிற் சிதைவுகள் சோழர் எடுப்பித்தவை. கடாரத்தை நிர்மாணித்தவனே ராஜேந்திர சோழன். அவன் வம்சத்தார் இத்தேசத்தைப் பலகாலம் ஆண்டனர். நாம் அந்த ஆட்சியின் வாரிசுகள் என்பதே அது. இதைச் சொல்வோரின் தமிழபிமானத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அதே அபிமானத்தினால்தான் இதை மறுக்கவும் துணிகிறேன். இக்கூற்றின் ஒவ்வோர் அங்கமும் ஆதாரங்களுக்கு முரணானது என்பதோடு, கடாரத்தின் மெய்யான மகிமையையும் அதில் தமிழருக்கு இருந்த மெய்யான பங்கையும் அது சுருக்கிவிடுகிறது என்பதே என் வாதம்.

ஒரு துறைமுக நகரம் அரசன் ஒருவனுடைய ஆக்ஞையினால் உண்டாகிவிடும் என்ற எண்ணமே இக்கூற்றுக்கு அஸ்திவாரம். ஆகவே இன்றைய கெடாவாகிய கடாரத்தின் பூகோளத்திலிருந்தே தொடங்க வேண்டும். பெண்டாங் வயல்வெளியில் நின்று தெற்கே நோக்குபவர் யாவரும் அறிந்தது ஜெராய் மலை. தீபகற்பத்தின் முதுகெலும்பாகிய தீத்திவங்சா மலைத்தொடரோடு சேராமல், கடலோரச் சமவெளியில் தன்னந்தனியாக 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் இப்பர்வதம், கரை கண்ணுக்குப் புலப்படுவதற்கு வெகு முன்பே மாலுமிக்குத் தென்பட்டுவிடும். இலங்கையின் தென்கோடி முனையும், சுமத்திராவின் வடகோடியும், ஜெராய் மலையும் ஏறத்தாழ ஆறாம் அட்சரேகையை ஒட்டியே அமைந்திருக்கின்றன. ஆதலால் இலங்கையின் தெற்கு முனையைக் கடந்து, நட்சத்திரங்களின் உயரத்தை மாற்றாமல் நேர்கிழக்கே பாய் விரித்துச் சென்ற கப்பல், சுமத்திராவின் தலைப்பைத் தாண்டியதும் எதிர்கொள்ளும் முதற் பெருமலை இதுவே. அம்மலையின் நீர்வளத்தால் பெருகும் ஓடைகள் மெர்போக் ஆற்றில் சேர்ந்து, அலையடங்கிய ஆழமான கழிமுகத்தில் கடலோடு கலக்கின்றன. தெற்கே மூடா நதி உள்நாட்டுக் காடுகளிலிருந்து வாசனைப் பொருள்களையும் மரப்பிசின்களையும் சுமந்து வந்தது. இரும்புத் தாதுவுக்கும் குறைவில்லை. கடல் அன்று இன்னும் உள்ளே புகுந்திருந்தது. இன்று நெல் விளையும் தாழ்நிலம் பலவும் அக்காலத்தில் சதுப்பாகவும் கழியாகவும் கிடந்தன. ஹிகாயத் மெரோங் மகாவங்சா என்னும் மலாய்க் காவியம் இம்மலையைத் தீவென்று கூறுவதற்கு, அந்தப் பழைய நீர்ப்பரப்பின் நினைவே காரணமாயிருத்தல் கூடும். 1885-இல் அலோர் ஸ்டாரிலிருந்து குருண் நோக்கி வான் முகமது சமான் என்னும் மந்திரியார் கால்வாய் வெட்டுவித்த பின்னரே, அந்தச் சதுப்பின் பெரும்பகுதி இன்று நாம் காணும் நெற்களஞ்சியமாக மாறிற்று.

மலையும் ஆறும் இடத்தைத் தந்தன. நகரத்துக்கு உயிரூட்டியது காற்று. வங்கக்கடலில் வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கப்பல்களைக் கிழக்கே செலுத்துகிறது. கார்த்திகைக்குப் பின் வீசும் வடகிழக்குக் காற்று அவற்றை மேற்கே திருப்புகிறது. அந்த வடகிழக்குக் காற்றே சீனக் கப்பல்களைத் தெற்கே கொண்டுவந்து சேர்க்கிறது. எனவே நாகப்பட்டினத்து வணிகனும் சீனத்து வணிகனும் ஒரே பருவத்தில் போய் மீள்வது அசாத்தியம். இடையில் எங்கேனும் சில மாதங்கள் தங்கிக் காற்று மாறக் காத்திருத்தல் அவசியமாயிற்று. அப்படித் தங்குவதற்குக் கெடாவைப்போல வாய்த்த கரை வேறு அரிது. தென்மேற்கிலிருந்து வரும் புயலைச் சுமத்திராவும், வடகிழக்கிலிருந்து வருவதைத் தீத்திவங்சா மலையும் மறிப்பதால் இங்கே கடல் பெரும்பாலும் சாந்தமாயிருக்கும். கீழ்க்கரையாகிய கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தில் மூழ்கும் மார்கழி, தை மாதங்களில் இப்பக்கம் வெயில் காய்ந்து கிடப்பதை நம்மவர் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். இந்தச் சீதோஷ்ணத்தை எந்தச் சக்கரவர்த்தியும் உண்டாக்கவில்லை.

இதற்குச் சாட்சி சொல்பவர் தமிழரல்லர், சீனப் பௌத்தத் துறவி ஒருவர். 671-இல் குவாங்சோவிலிருந்து கப்பலேறிய யிஜிங், சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தில் தங்கிச் சமஸ்கிருதம் பயின்று, பின் சீனர் ஜியேச்சா என்று எழுதிய கடாரத்துக்கு வந்து, அங்கிருந்து குளிர்காலத்துக் காற்றில் புறப்பட்டு 673-இல் வங்கத்தின் தாம்ரலிப்தியை அடைந்தார். அவர் குறித்துவைத்த சகதுறவிகளின் சரிதங்களில், வூசிங் என்பவர் கடாரத்திலிருந்து முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்த பிரயாணமும் சொல்லப்படுகிறது. ராஜேந்திரனுடைய கப்பற்படை பாய் விரிப்பதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே நாகைக்கும் கடாரத்துக்கும் இடையிலான வழி துறவிகளும் வணிகரும் அறிந்த வழியாயிருந்தது என்பதற்கு இதைவிட வேறு பிரமாணம் வேண்டுமா?

வேண்டுமென்பார்க்கு நிலத்துக்கடியிலேயே அது கிடைக்கிறது. 1834-இல் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி செபராங் பிறைப் பக்கத்தில் கண்டெடுத்த கல்லொன்றில் ஸ்தூபத்தின் உருவமும், ரக்தம்ருத்திகையைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மகாநாவிகனின் பெயரும், பயணம் சித்தியடைய வேண்டும் என்ற பிரார்த்தனையும் சமஸ்கிருதத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் எழுத்து ஐந்தாம் நூற்றாண்டினது, அவன் ஊரோ வங்கத்தைச் சேர்ந்தது என்பர். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், துருத்திக் குழாய்கள் குவியல் குவியலாகவும், ஆற்றோரப் படகுத்துறைகளும் வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பழையது எந்த நூற்றாண்டினது என்பதில் அறிஞரிடையே விவாதம் நீடித்தாலும், சோழருக்குப் பல நூற்றாண்டு முந்தியவை அங்கே உண்டு என்பதில் விவாதமில்லை. உலையில் கரி தள்ளி இரும்பு காய்ச்சியவர்கள் இம்மண்ணின் மக்கள். நகரைக் கட்டியவன் சோழன் என்னும்போது முதலில் மறைக்கப்படுவது அந்தத் தொழிலாளரின் உழைப்பே. பால்மரம் வெட்டியும் காடு திருத்தியும் இந்நாட்டை உருவாக்கியவர்களின் பேரர்களாகிய நாம், அத்தகைய மறைப்புக்குத் துணைபோகலாகாது.

இனி, சோழர் ஆண்டார்கள் என்பது. ராஜேந்திரனின் கடற்படை சுமார் 1025-இல் வந்தது மெய். அம்மன்னனின் மெய்க்கீர்த்தி அதைக் கம்பீரமாக வர்ணிக்கிறது. ஆனால் அது சொல்வதென்ன? கடாரத்தரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், அவன் யானைகளையும் குவித்த நிதியையும் வித்யாதர தோரணத்தையும் கைப்பற்றியதையும், ஸ்ரீவிஜயம் முதல் கடாரம் வரை பல துறைகளைக் கொண்டதையும் சொல்கிறது. ஈழத்தை வென்றபோது பொலனறுவையில் தங்கி நாட்டை மண்டலமாக்கி, கோயில் கட்டி, கல்வெட்டும் வெட்டிவைத்தவர்கள் சோழர். கடாரத்தில் அப்படி ஒரு மண்டலத்தை அவர்கள் வகுத்ததாக அவர்களுடைய சாசனமே கூறவில்லை. ஜெராயின் அடிவாரமாகிய பூஜாங் பள்ளத்தாக்கின் கல்லொன்றிலும் சோழ மெய்க்கீர்த்தி கிடைத்ததில்லை. மேலும் சுமார் 1068-இல் வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, தன் கழல் பணிந்த அதன் அரசனுக்கே மீட்டுக் கொடுத்ததாகத் தன் சாசனத்தில் பெருமை கொள்கிறான். வெல்வதும் விட்டுச்செல்வதுமான இந்த உறவைத்தான் நம் மேடைகளில் பலகால ஆட்சியென்று பேசுகிறோம்.

சிதைவுகளைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டும். 1936-37-இல் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் இவற்றை முதன்முறையாக ஒழுங்குபெற ஆராய்ந்தபோது, இந்தியக் குடியேற்றத்தின் அலைகள் என்னும் கோட்பாட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கினர். நம் மேடைக் கூற்றுக்கு அந்தக் காலத்து ஐரோப்பியக் கோட்பாடும் ஒரு மூலம் என்பதை நினைவில் வைப்பது நல்லது. பிற்கால ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. இப்பள்ளத்தாக்கில் சிவாலயமும் உண்டு, பௌத்த ஸ்தலங்களும் உண்டு. 1959-60-இல் அலஸ்டேர் லேம்ப் புனரமைத்த புக்கிட் பத்து பஹாட் சண்டியில், அதாவது பழங்கோயிலில், கருவறையும் முன்மண்டபமும் நம் ஆலய அமைப்பைச் சேர்ந்தவையே. ஆயினும் கற்பீடத்தின்மேல் நின்றவை மரத்தூண்கள். அவற்றைத் தாங்கிய குழிவிட்ட அடிக்கற்களை இன்றும் காணலாம். மேற்கூரை அழியும் பொருளால் ஆனதால் காலத்தோடு மறைந்துபோயிற்று. தஞ்சையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் கல்லை வானளாவ அடுக்கிய சிற்பிகளின் கை இதுவன்று. அடைமழையும் அடர்காடும் உள்ள நாட்டில் மரவேலையில் தேர்ந்த தச்சர்களின் கை. தெய்வத்தைக் கடல் கடந்து பெற்று, அதற்கு வீட்டைத் தம் மரபில் தாமே கட்டினார்கள். இதைச் சோழர் கட்டடம் என்பது கட்டியவர்களுக்கு மட்டுமன்றிச் சோழச் சிற்பிகளுக்கும் அநீதி.

நாம் அந்தப் படையின் வாரிசுகள் என்பதற்கு நெடிய மறுப்பு வேண்டியதில்லை. 1909-இல் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து கெடா பிரிட்டிஷார் வசமாகி, ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில், கங்காணிமாரின் பின்னே, நாகையிலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களே நம் முன்னோரில் பெரும்பாலோர். வாளோடு வந்தவர்களின் வம்சம் என்று சொல்லிக்கொள்வதற்காகக் கத்தியோடும் வாளியோடும் விடியுமுன் நிரைக்குச் சென்ற பாட்டனையும் பாட்டியையும் மறக்க வேண்டுமா?

இப்படியெல்லாம் சொன்னால் கடாரத்தில் தமிழருக்குப் பங்கே இல்லையென்று ஆகிவிடாதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஆகாது. ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அதிபதியாயிருந்த சைலேந்திர வம்சத்து மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுப்பித்தான். சைவனாகிய ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தின் வருவாயை அளித்தான். ஹாலந்து தேசத்து லெய்டனைச் சென்றடைந்ததால் லெய்டன் சாசனங்கள் எனப் பெயர்பெற்ற செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. படையெடுப்பு நிகழ்ந்து அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1090-இல், கடாரத்தரசனின் தூதர்கள் வந்து வேண்ட, முதலாம் குலோத்துங்கன் அத்தருமத்தை உறுதிப்படுத்தினான். யுத்தம் இடையிட்டும் அறாத நட்பு அது. தென் சயாமின் தகுவா பாவில் ஒன்பதாம் நூற்றாண்டில் குளத்தைக் காத்த மணிக்கிராமத்து வணிகக் குழுவாரும், 1088-இல் சுமத்திராவின் பாரூஸில் தமிழ்க்கல் நட்ட ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவாரும், 1281-இல் சீனத்தின் துறையாகிய சுவான்சோவில் சிவனுக்கு ஆலயம் கண்டு தமிழில் எழுதிவைத்தவர்களும் இந்தக் கடல்வழியின் மக்களே. அவர்களுடைய பெருமையை நிலைநாட்ட ஒரு பொய்யான கோட்டை தேவையில்லை.

பொய்யான கோட்டையால் கெடுதியும் உண்டு. இவை சோழருடையவை என்று நாம் உரிமை கொண்டாடக் கொண்டாட, அப்படியானால் இவை எங்களுடையவையல்ல என்று பிறர் விலகி நிற்க இடமேற்படுகிறது. 2013-இல் சுங்கை பத்துப் பகுதியின் பதினோராம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலம் திருத்தியபோது மண்வாரி இயந்திரத்தால் தரைமட்டமாக்கப்பட்டது. அது வெளியே தெரிந்தபின்தான் நாடு திடுக்கிட்டது. நாகையிலோ, கடாரத்தரசனின் விகாரத்தில் எஞ்சியிருந்த கோபுரத்தை 1867-இல் ஏசுசபைப் பாதிரிமார் அரசாங்க அனுமதியோடு இடித்துத் தள்ளினர். ஜெராயின் அடிவாரத்தில் தோட்டங்களுக்குள்ளும் கிராமங்களுக்குள்ளும் செங்கல்லும் செம்புறைக்கல்லுமாக மண்மூடிய ஸ்தலங்கள் இன்னும் பல கிடக்கின்றன. அவற்றைக் காக்கக் கோரி எழுதும் மனுவில் மலாய்க்காரரும் சீனரும் சயாமியரும் நம்மோடு கையெழுத்திட வேண்டுமானால், அதன் முதல் வாக்கியம் ராஜேந்திரனைப் பற்றியதாக இருத்தல் கூடாது.