ஒத்திக்கு ஒரு வீடு

தேனியில் வீடு பார்க்கக் கிளம்பினால் புரோக்கர் கேட்கும் முதல் கேள்வி, "வாடகைக்கா, ஒத்திக்காண்ணே?" என்பதுதான். ஒத்தி என்றால், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும் நாளில் கொடுத்த பணம் அப்படியே கைக்கு வரவேண்டும். பருத்தி வியாபாரத்தால் பெருத்த ஊர் இது. இன்று மில் சம்பளத்தை நம்பும் குடும்பங்களைவிட, விடிவதற்குள் கம்பம்மெட்டு மலை ஏறும் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பை நம்பும் குடும்பங்களே என் கண்ணில் அதிகம் படுகின்றன. பிழைப்பு மாறியும் ஒத்தி மாறவில்லை.

மாறாததற்குக் காரணம் கணக்குதான். மாதம் 6,000 ரூபாய் வாடகை போகக்கூடிய வீட்டை 5 லட்சத்துக்கு ஒத்தி பேசுவதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் விட்டுக்கொடுப்பது ஆண்டுக்கு 72,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒண்ணே கால் வட்டிகூட இல்லை. வெளியே ரெண்டு வட்டி, மூணு வட்டிக்கு அலைகிறவருக்கு இது லாபம். குடியிருப்பவருக்கோ, சீட்டு எடுத்தும் நகையை வைத்தும் புரட்டிய பணம் கரையாமல் நிற்கிறது. மகள் கல்யாணத்துக்கு அதுதான் முதல்.

சொந்த வீடு? 2010 கடைசியில் நின்றுபோன ரயில் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து மனை விளம்பரங்கள் ஸ்டேஷனிலிருந்துதான் நிமிடக் கணக்குச் சொல்கின்றன (யார் ஓடி அளந்தார்களோ). ஏலக்காய் விலை ஏறும் ஆண்டில் மனைக்காரர் குரலும் ஏறும். 20 லட்சத்துக்கு வாங்கினால், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 1,80,000 ரூபாயை அரசுக்கு எண்ணிவைக்க வேண்டும். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு, 2025 ஏப்ரல் முதல். நல்ல சலுகைதான். டவுனுக்குள் அந்த விலைக்கு வீடு காட்டுகிறவரைத்தான் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆக, ஒத்திதான் நம் ஊரின் மலிவு விலை வீட்டுத் திட்டம். ஆனால் அரசின் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஒத்தியின் சட்டப் பெயரான அனுபவ அடமானத்துக்கு 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே இடம் உண்டு. பதிவு செய்ய வேண்டும், அவ்வளவே. நாம் பத்திரத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடித்துக்கொள்கிறோம். பணம் கைமாறுவதும் ரொக்கமாகத்தான். கடனோ டெபாசிட்டோ 20,000 ரூபாயைத் தொட்டால் ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். தகராறு வந்தால், கொடுத்ததற்குச் சாட்சி அந்த ஒற்றைத் தாள்தான்.

வீட்டுக்காரர் அந்தப் பணத்தை வைத்திருக்கவும் மாட்டார். அடுத்து வருகிறவரிடம் வாங்கித்தான் முன்னவருக்குக் கொடுப்பார். அடுத்தவர் வராவிட்டால்? தென் கொரியாவில் இதே முறைக்கு ஜொன்சே என்று பெயர். 2022இல் வீட்டு விலை சரிந்தபோது வீட்டுக்காரர்கள் பலர் கைவிரித்தார்கள்; ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருந்தவர்களும் வெளிப்பட்டார்கள். இஞ்சொன் நகரில் சில இளைஞர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, 2023இல் தனிச் சட்டம் வந்தது.

இங்கே இன்னோர் ஆபத்து வங்கி வழியாகவும் வரும். ஏற்கெனவே அடமானத்தில் இருக்கும் வீட்டை ஒத்திக்கு விட்டுவிட்டுத் தவணை கட்டாமல் போனால், ஏல நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும் அன்றுதான் குடியிருப்பவருக்கு விஷயமே தெரியும். அடமானம் உண்டா என்று அறிய, வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். புரோக்கரிடம் அதைக் கேட்டால் முகம் சுருங்கும்: "தாயா புள்ளையாப் பழகுனவங்கண்ணே, அவரப் போய்ச் சந்தேகப்படலாமா?" கேட்டே ஆகுங்கள்.

அரசு செய்யவேண்டியது பெரிதல்ல. குடியிருக்கும் வீட்டு ஒத்திக்குச் சில நூறு ரூபாயில் பதிவுக் கட்டணம். அந்தப் பதிவு வில்லங்கச் சான்றில் ஏறவேண்டும். பணம் வங்கி வழியாகப் போகவேண்டும். ஆண்டிபட்டி, பெரியகுளம், போடி, கம்பம் என்று நமக்கு நான்கு எம்.எல்.ஏ.க்கள் இருக்கிறார்கள். அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடரில் இதை ஒருவராவது எழுந்து கேட்கட்டும்.